ஆதாரக் கல்வியின் சொற்களும் சூழலறிவும்: வார்தா முதல் கட்வால் வரை

1935 ஏப்ரல் திங்களில் இந்தூர் நகரில் இந்தி சாகித்திய சம்மேளனத்தின் ஆண்டு மாநாடு கூடியது. அதற்குத் தலைமை ஏற்றவர் காந்தியடிகள். இந்தியாவின் பொதுமொழி பற்றிய விவாதத்தின் வரலாற்றை எழுதுவோர் இம்மாநாட்டைக் குறிப்பிடத் தவறுவதில்லை. அதே பயணத்தின்போது அவர் அவ்வூரிலிருந்த பயிர்த்தொழில் ஆய்வு நிறுவனத்திற்குச் சென்று எருக்குழிகளைப் பார்வையிட்டதை அவர்கள் பொதுவாகக் குறிப்பிடுவதில்லை. ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் 1931 வரை அங்குப் பணியாற்றி, பயிர்க்கழிவு, சாணம், கோமியம் ஊறிய மண் ஆகியவற்றை அடுக்கி மட்கவைக்கும் முறையை வகுத்திருந்தார். பின்னர் 'இந்தூர் முறை' எனப் பல நாடுகளிலும் அறியப்பட்டது அதுவே. மொழி மாநாடும் எருக்குழியும் ஒருவருடைய பயணத்தில் தற்செயலாக அடுத்தடுத்து வந்தவை என்று தோன்றலாம். ஆனால் இரண்டாண்டுகளுக்குப் பின் உருவான வார்தாக் கல்வித் திட்டத்தில் குழந்தை தாய்மொழியில் கற்க வேண்டும் என்பதும், கையால் செய்யும் தொழிலின் வழியே கற்க வேண்டும் என்பதும் பிரிக்கவியலாத இரு கூறுகளாக அமைந்தன.

'சுற்றுச்சூழல் கல்வி' என்னும் தொடர் இந்திய மொழிகளில் வழக்கிற்கு வருமுன்பே, மண், நீர், காடு, கழிவு, உணவு பற்றிய அறிவை ஊர்ப்பணியின் வழியாகவும் அன்றாட உணவின் வழியாகவும் புகட்டும் முயற்சி இந்நாட்டில் நடைபெற்றது. அம்முயற்சிக்கெனத் தனிச் சொற்றொகுதி ஒன்றும் இருந்தது. அச்சொற்றொகுதி எவ்வாறு உருப்பெற்றது, விடுதலைக்குப் பின் எவ்வாறு பல துறைகளுக்குப் பங்கிடப்பட்டது, எங்கு அது சிதையாமல் தொடர்ந்தது என்பன இக்கட்டுரையில் ஆராயப்பெறுகின்றன. பாடநூல்களை மொழிபெயர்ப்போருக்கு இவ்வரலாறு நேரடித் தொடர்புடையது. ஒரு சொல்லைத் தேரும்போதே குழந்தை தன் ஊரைப் படிக்குமா, வேறெங்கோ உள்ள ஒன்றை மனப்பாடம் செய்யுமா என்பது ஓரளவு முடிவாகிவிடுகிறது.

மூன்று மையங்கள்

1937 அக்டோபர் 22, 23 ஆகிய நாள்களில் வார்தாவில் கூடிய தேசியக் கல்வி மாநாடு, ஏழாண்டுக் கட்டாய இலவசக் கல்வி, தாய்மொழிவழிப் பயிற்றல், கைத்தொழிலை மையமாகக் கொண்ட கல்வி முதலிய தீர்மானங்களை ஏற்றது. பாடத்திட்டத்தை வகுக்க ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அக்குழுவில் தமிழர் இருவர் இடம்பெற்றிருந்தனர். ஒருவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, மற்றவர் இலங்கைத் தமிழராகிய ஈ.டபிள்யூ. ஆரியநாயகம். சாந்திநிகேதனில் பணியாற்றிய பின் வார்தாவுக்கு வந்த ஆரியநாயகம் குழுவின் அமைப்பாளராகவும், 1938இல் தோன்றிய இந்துஸ்தானி தாலீமி சங்கத்தின் செயலாளராகவும் விளங்கினார். குழுவின் அறிக்கை 1937 டிசம்பர் 2இல் அளிக்கப்பட்டது. 1938 பிப்ரவரியில் அரிபுராக் காங்கிரசு அதனை ஏற்றுக்கொண்டது.

இவ்வறிக்கையில் மொழியியலாளர் கருத்தூன்றிக் காணத்தக்க செய்தி ஒன்றுண்டு. எல்லாப் பாடங்களும் மூன்று மையங்களோடு பிணைத்துக் கற்பிக்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. இயற்கைச் சூழல், சமுதாயச் சூழல், கைத்தொழில் என்பன அம்மூன்று. எனவே 'சூழல்' என்னும் கருத்து 1937இலேயே இந்தியப் பள்ளிக் கல்விக்குள் நுழைந்துவிட்டது. ஆயினும் அன்று அது கற்கப்படும் பொருளாக வரவில்லை. கற்பதற்குரிய வழியாகவே வந்தது. கணக்கும் மொழியும் அறிவியலும் சூழலின் வழியே கற்கப்பட வேண்டும் என்பதே கருத்து. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இந்நிலை தலைகீழாயிற்று. சூழலே ஒரு பாடமாயிற்று. அம்மாற்றத்தின் விளைவு பின்னர்க் கூறப்பெறும்.

பாடங்களைத் தொழிலோடு பிணைக்கும் முறை இந்தியில் 'சமவாய்' எனப்பட்டது. இது தருக்க நூலாரிடமிருந்து பெறப்பட்ட சொல். நியாய வைசேடிக மரபில் பிரிக்கவியலாத உடனிருப்பைச் 'சமவாயம்' என்பர். அதற்கு அந்நூலார் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு நூலும் ஆடையும். நூலின்றி ஆடையில்லை, ஆடையில் நூல் உடனிருக்கிறது. தக்ளியில் நூல் நூற்பதைத் தலையாய தொழிலாகக் கொண்ட கல்விக்கு இதனினும் பொருத்தமான கலைச்சொல் வாய்த்திருக்க இயலாது. இச்சொல்லைத் தேர்ந்தோர் அவ்வுவமையை எண்ணித்தான் தேர்ந்தனரோ என்பது வேறு. இன்றைய கல்வியியல் நூல்களில் வழங்கும் 'ஒருங்கிணைப்பு' என்பது தனித்தனியே கிடந்தவற்றைப் பிறகு சேர்ப்பதையே உணர்த்தும். சமவாயமோ தொடக்கத்திலிருந்தே பிரியாதிருப்பதை உணர்த்தும்.

திட்டத்தின் பெயரும் மொழிக்கு மொழி வேறுபட்டது. 'நயீ தாலீம்' என்பதில் பின்னது அரபுச்சொல். இந்தியிலும் வங்காளத்திலும் பாரசீக வழிவந்த 'புனியாதி' வழங்கியது. குஜராத்தியில் 'பாயானீ கேளவணீ' என்றனர். மராத்தியில் 'மூலோத்யோக்' என்றும் 'ஜீவன் சிக்ஷண்' என்றும் கூறினர். தமிழில் 'ஆதாரக் கல்வி' நிலைபெற்றது. மராத்திப் பெயர்கள் தொழிலையும் வாழ்வையும் சுட்டுகின்றன. ஏனையவை அடித்தளத்தைச் சுட்டுகின்றன. தமிழ்நாட்டு ஆதாரப் பள்ளிகள் காலப்போக்கில் பிற தொடக்கப்பள்ளிகளிலிருந்து வேறுபாடு தெரியாதவாறு கரைந்து போனமைக்குப் பெயரே காரணம் என்பது மிகையாகும். எனினும் 'ஆதாரம்' என்னும் சொல்லில் மண்ணோ தொழிலோ தெரிவதில்லை என்பதை மறுக்க இயலாது.

சமையலறையும் எருக்குழியும்

1936இல் காந்தியடிகள் குடியேறிய சிற்றூரின் பெயர் சேகாவ். இருப்புப்பாதை வழியிலிருந்த ஷேகாவ் என்னும் ஊரோடு மயங்கி அஞ்சல்கள் இடம்மாறிச் சென்றமையால் 1940இல் அதற்குச் 'சேவாகிராமம்' என்று பெயரிடப்பட்டது. அஞ்சல் குழப்பத்தைத் தீர்க்கப் பிறந்த பெயர், ஒரு கல்விமுறையின் பெயராகவே பின்னர் எண்ணப்படலாயிற்று.

சேவாகிராமப் பள்ளியின் நாள் துப்புரவுப் பணியோடு தொடங்கியது. முற்றம் பெருக்குதல், கழிப்பிடக் குழிகளை மண்ணிட்டு மூடுதல், அவை மட்கியபின் எருவாக எடுத்தல் ஆகியவை 'சஃபாயீ' என்னும் ஒரே சொல்லில் அடங்கின. மனிதக் கழிவிலிருந்து கிடைக்கும் எருவிற்கு மராத்தியில் 'சோன்கத்' என்று பெயர். 'சோன்' பொன்; 'கத்' எரு. கொங்கணக் கரையில் கண்கவலிக்கு அருகில் பணியாற்றிய அப்பாசாகிப் பட்வர்தன் இப்பொன்னெருவைத் தம் வாழ்நாட் பணிகளுள் ஒன்றாகக் கொண்டார். குழி மூடிய நாள், திறந்த நாள், கிடைத்த எரு, இட்ட பாத்தி, பெற்ற காய் ஆகியவற்றைக் கணக்கிடும் குழந்தைக்கு நுண்ணுயிர் பற்றிய பாடமும் வாய்பாடும் மண்வளமும் வேறு வேறு அல்ல.

இதில் வேளாண்மை நோக்கினும் பெரிதாகச் சாதி பற்றிய நோக்கு ஒன்றிருந்தது. கழிவகற்றும் வேலை குறிப்பிட்ட சாதியார் தலையில் சுமத்தப்பட்ட நாட்டில், அதனை எல்லாக் குழந்தைகளும் செய்ய வேண்டும் என்பது கல்விமுறையை விடவும் சமுதாயத்தை அசைப்பதாக இருந்தது. பெற்றோரின் எதிர்ப்பு இக்கல்வி பரவாமைக்குக் காரணங்களுள் ஒன்று என்பது பலரும் ஒப்புவதாகும். தமிழில் 'துப்புரவு' என்னும் சொல்லின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. திருக்குறளில் அது துய்க்கப்படும் பொருள்களைக் குறித்து வந்துள்ளது. 'துப்பு' உணவையும் குறிக்கும். துய்ப்பைக் குறித்த சொல் தூய்மையைக் குறிக்கலாயிற்று. பின்னர் அது ஒரு தொழிலாளர் பிரிவின் மேல் ஒட்டிக்கொண்டது. அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டில் 'துப்புரவுப் பணியாளர்' என்பதைத் 'தூய்மைப் பணியாளர்' என மாற்றியுள்ளனர். சொல் மாறியது, வேலையைச் செய்வோர் யார் என்பது பெரிதும் மாறவில்லை.

வார்தாவின் மற்றொரு மையமாகிய மகன்வாடியில் 1934 இறுதியில் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் இயங்கியது. குமரப்பா அதன் செயலாளர். அங்கு உணவே ஆய்வுப்பொருளாயிற்று. கைக்குத்தல் அரிசி, திரிகையில் அரைத்த மாவு, செக்கெண்ணெய், வெல்லம், சமைக்காத கீரை ஆகியவை பொதுச் சமையலறையில் உண்டு பார்க்கப்பட்டன. ஆலையில் தீட்டிய அரிசி சத்தை இழக்கிறது என்பதோடு, குத்துபவரின் கூலியும் ஊரை விட்டுப் போகிறது என்பதும் வாதமாக வைக்கப்பட்டது. கரும்பு நல்ல விளைநிலத்தை அடைத்துக்கொள்ள, பனை தரிசில் தானே வளர்கிறது; எனவே பனைவெல்லமே நிலத்திற்கு ஏற்றது என்று வாதிட்டனர். நிலப் பயன்பாடு பற்றிய பாடம் ஒரு வெல்லத் துண்டில் அடங்கிவிடுகிறது. மகன்வாடியார் எல்லாவற்றிலும் உள்ளூர்ப் பொருளையே நாடினர் என்று கூறுவதற்கில்லை. அதே 1935இல் அங்குச் சோயா மொச்சையையும் உண்டு பார்த்தனர். அச்சோயா ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் இமயமலைச் சரிவில் வேறொரு வடிவில் வந்து நின்றதை இக்கட்டுரை பின்னர்க் காணும்.

1943இன் வங்கப் பஞ்சம் உணவு பற்றிய பேச்சின் தொனியை மாற்றியது. 1945 ஜனவரியில் சேவாகிராமத்தில் நடந்த மாநாடு, ஆதாரக் கல்வியை ஏழாண்டுப் பள்ளியோடு நிறுத்தாமல், மழலைப் பருவம் முதல் முதியோர் வரை வாழ்நாள் முழுமைக்கும் உரியதாக விரித்தது. அதன்பின் தொடங்கிய உயர்நிலைப் பிரிவின் மாணவர் தம் உணவையும் உடையையும் தாமே விளைத்து உண்டாக்க வேண்டும் என்பது குறிக்கோளாயிற்று. சென்னையில் ஆசிரியப் பணியாற்றித் தமிழ் கற்றவரும் பின்னர் சேவாகிராமத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவருமான மார்ஜரி சைக்ஸ் இப்பள்ளியின் வரலாற்றை 1988இல் நூலாக எழுதினார்.

குமரப்பாவின் உருவகங்கள்

குமரப்பா சிறையிலிருந்தபோது எழுதி 1945இல் வெளிவந்த ஆங்கில நூல் பொருளாதாரத்தில் 'நிலைபேறு' என்பதை மையக் கருத்தாக்கியது. இன்று நிலைத்த வளர்ச்சி, நீடித்த வளர்ச்சி, வளங்குன்றா வளர்ச்சி, பேண்தகு வளர்ச்சி எனத் தமிழில் நான்கு வகையாகப் பெயர்க்கப்படும் கருத்திற்கு அந்நூல் முன்னோடி எனலாம். இயற்கை வளங்களை அவர் இரண்டாகப் பகுத்தார். நிலக்கரி, கல்லெண்ணெய், தாதுக்கள் ஆகியவை எடுக்க எடுக்கக் குறைபவை. இவற்றை நம்பிய பொருளாதாரத்தை அவர் நீர்த்தேக்கத்தோடு ஒப்பிட்டார். ஓடும் நீர், வளரும் மரம், விளையும் பயிர் ஆகியவற்றை நம்பியதை ஆற்றின் ஓட்டத்தோடு ஒப்பிட்டார்.

இவ்வுருவகத்தைத் தமிழாக்குவோர் இடர்ப்பட நேரும். ஏரியும் கண்மாயும் ஆண்டுதோறும் நிரம்பும் நாட்டில் நீர்த்தேக்கம் தீர்ந்துபோவதன் குறியாகாது. அது வாழ்வின் குறி. நேர்ப்பெயர்ப்பு பொருளைத் திரித்துவிடும். ஆனால் தமிழ்நாட்டுப் பாசன வழக்கிலேயே தக்க சொற்கள் உள்ளன. அணையின் நிலையை அறிவிக்கும் அன்றாடச் செய்தியில் 'நீர் இருப்பு', 'நீர் வரத்து' என்னும் இரண்டும் வருவதைப் படிப்பறிவில்லா உழவரும் அறிவர். 'இருப்புப் பொருளாதாரம்', 'வரத்துப் பொருளாதாரம்' என்றால் குமரப்பாவின் வாதம் முழுவதும் விளங்கும். 'புதுப்பிக்கத்தக்க வளம்' என்னும் இன்றைய கலைச்சொல்லுக்கு விளக்கம் தேவைப்படுகிறது, வரத்திற்குத் தேவைப்படாது.

அவர் பொருளாதாரங்களை ஐந்து படிகளாக அடுக்கினார். ஒட்டுண்ணி நிலை, கொள்ளை நிலை, முயற்சி நிலை, தேனீக்களைப் போன்ற கூட்டு நிலை, இறுதியாகச் சேவை நிலை. தாய் குழந்தைக்கு ஆற்றுவது கடைசி நிலைக்கு அவர் காட்டிய சான்று. ஒரு லட்சம் மக்கள் வாழும் பகுதிக்குச் சரிவிகித உணவு எவ்வளவு வேண்டும், அதற்கு எந்தப் பயிருக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று அட்டவணை இட்டுக் காட்டியதும் இதே நூலில்தான். சேவையும் உணவும் நிலமும் ஒரே நூலில் பிணைந்திருப்பது தற்செயலன்று. தமிழில் 'சேவை' என்பது பணிவிடையையும், கோயிலில் இறைவனைக் காண்பதையும், கொங்கு நாட்டுச் சமையலில் அரிசி மாவால் பிழியப்படும் உணவையும் குறிக்கும். முதலிரண்டும் வடசொல் வழியின. மூன்றாவதன் தொடர்பு வேறாகலாம். குமரப்பா இதனைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

பங்கீடு

விடுதலைக்குப் பின் இச்சொற்றொகுதி பிரிந்த வரலாறு நீண்டது. அதன் திருப்பங்களை மட்டும் சுட்டினால் போதும். 1952 அக்டோபர் 2இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் 'சிரமதானம்' என்னும் சொல்லை ஊர்தோறும் கொண்டு சென்றது. வடமொழியில் 'சிரமம்' உழைப்பு. தமிழிலோ அது தொல்லை. உழைப்புக் கொடை என்று எண்ணி வழங்கிய சொல் தமிழ்ச் செவியில் தொல்லைக் கொடையாக ஒலித்தது. தமிழ்நாட்டில் அது வேரூன்றாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். 1958இல் தொடங்கிய சர்வோதய இயக்கத்தின் வாயிலாக இலங்கைத் தமிழில் அச்சொல் இன்றும் உயிரோடு வழங்குகிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஏரி, வாய்க்கால்களை ஊரார் கூடிச் செப்பனிடுவதற்குத் தமிழில் 'குடிமராமத்து' என்னும் சொல் முன்னரே இருந்தது. 1858ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அவ்வழக்கத்தின் மேல் அரசின் தண்டனையை ஏற்றியது. விருப்பத்திற்கும் கட்டாயத்திற்கும் இடையே நின்ற அச்சொல்லைச் சமுதாய வளர்ச்சித் துறையார் கையாளத் தயங்கியதை விளங்கிக்கொள்ளலாம்.

கோத்தாரிக் குழு (1964-66) கைத்தொழிலின் இடத்தில் 'பணி அனுபவம்' என்பதை வைத்தது. 1969 செப்டம்பர் 24இல் பல்கலைக்கழக மாணவர்க்கு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது; தொடக்கத்தில் 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். இதன் தமிழ்ப் பெயரில் 'சேவை' இல்லை, 'நலப்பணி' உள்ளது. நல்ல பெயர்தான். ஆயினும் அது கல்லூரியின் வகுப்பறைக்கு வெளியே, விடுமுறை முகாமில் நடப்பதாயிற்று. 1975இல் தேசியப் பாடத்திட்டம் தொடக்க வகுப்புகளுக்குச் சூழல் பற்றிய பாடத்தைத் தனியே அறிவித்தது. 1977இல் ஈசுவரபாய் படேல் குழு சமூகத்திற்குப் பயன்படும் ஆக்கப்பணியைப் பரிந்துரைத்தது. அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் மாணவரிடையே கேலிப்பொருளாயின. 1982இல் தமிழ்நாட்டில் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவு, உணவை ஒரு நலத்திட்டமாகப் பள்ளிக்குள் கொணர்ந்தது. பசியாற்றிய அத்திட்டத்தின் பெருமை ஐயத்திற்கிடமற்றது. ஆனால் சமையற்கூடத்தில் வேகும் அரிசிக்கும் வகுப்பறையில் நடக்கும் மண்வளப் பாடத்திற்கும் தொடர்பு வைக்கப்படவில்லை. 1991 நவம்பர் 22இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கப் பணித்தது. 2003இல் அதற்கான மாதிரிப் பாடத்திட்டம் கோரியது. இங்ஙனம் தொண்டு ஒரு முகாமாகவும், தொழில் ஒரு பாடவேளையாகவும், உணவு ஒரு நலத்திட்டமாகவும், சூழல் ஒரு தேர்வுத்தாளாகவும் நான்கு வழி சென்றன.

பாடமான பின் அதற்குப் பெயர் வேண்டியிருந்தது. இந்தியும் தெலுங்கும் 'பர்யாவரண' என்பதன் வடிவங்களை ஏற்றன. வங்காளம் 'பரிவேஷ்' என்றது. கன்னடம் 'பரிசர' என்றது. மலையாளம் 'பரிஸ்திதி' என்றது. யாவும் 'பரி' என்னும் முன்னொட்டால் சுற்றியிருத்தலைக் குறிப்பன. தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் 'சூழ்நிலையியல்' என்று வைத்தனர். 'சூழ்நிலை' அன்றாட வழக்கில் நேர்ந்துள்ள நிலைமையையே உணர்த்துவதால் அப்பெயர் குழந்தைக்கு எதையும் காட்டவில்லை. பின்னர் 'சுற்றுப்புறச் சூழல்' என்பது தேய்ந்து 'சுற்றுச்சூழல்' நிலைத்தது. 'சுற்று', 'சூழல்' இரண்டும் ஒருபொருளனவாதலின் இது மிகைபடக் கூறல் என்று இலக்கண அறிஞர் குறைகூறுவதுண்டு. பழந்தமிழில் 'சூழ்தல்' ஆராய்ந்து கலந்தெண்ணுதலையும் குறிக்கும். அப்பொருள் இத்துறைக்கு மிகவும் வேண்டுவது. அதுவோ 'சூழ்ச்சி' என்னும் சொல்லில் தேய்ந்து கெட்டுவிட்டது.

மலைநாட்டுத் தொடர்ச்சி

பிரியாமல் தொடர்ந்த கிளை ஒன்று இமயமலையில் காணப்படுகிறது. 1901இல் இலண்டனில் கேத்தரின் மேரி ஹைல்மன் என்னும் பெயரோடு பிறந்து 1932இல் இந்தியா வந்த சரளா பென், சேவாகிராமத்தில் பயின்றபின் குமாவுன் மலையை அடைந்து, 1946இல் கௌசானியில் இலட்சுமி ஆசிரமத்தைத் தொடங்கினார். மலைப் பெண்களுக்கான அப்பள்ளியில் தொழுவம், வயல், காடு, அடுப்பு ஆகிய நான்கிலும் பாடம் நடந்தது. மலைநாட்டில் பெண்ணின் ஒரு நாள் என்பது தீவனம், விறகு, நீர், எரு ஆகியவற்றைச் சுமப்பதே ஆதலால் வேறிடத்தில் பாடம் தேட வேண்டியிருக்கவில்லை. அங்குப் பயின்ற விமலா, சுந்தர்லால் பகுகுணாவை மணந்தபோது அவர் கட்சி அரசியலை விட்டுச் சிற்றூரில் வாழ வேண்டும் என்று கேட்டதும், அவர் அதனை ஏற்றதும் பலரறிந்த செய்திகள்.

கோபேசுவரத்தில் சண்டிப் பிரசாத் பட் 1964இல் தொடங்கிய தசோலி கிராம சுயராச்சியச் சங்கமும் சர்வோதய மரபில் வந்ததே. 1970இல் அலக்நந்தாவில் பெருகிய வெள்ளம் காடழிவின் விளைவைக் காட்டியது. 1973இல் மண்டல் சிற்றூரிலும், 1974 மார்ச் 26இல் கௌரா தேவி முதலிய பெண்களால் ரேணியிலும் மரங்கள் காக்கப்பட்டன. தழுவுதலைக் குறிக்கும் 'அங்வால்' என்னும் கட்வாலிச் சொல்லின் வழியே முதலில் எண்ணப்பட்ட செயல், 'ஒட்டிக்கொள்' எனப் பொருள்படும் இந்தி ஏவல் வினையால் 'சிப்கோ' என உலகறியப் பெயர் பெற்றது. தழுவுதலில் அன்பு உண்டு. ஒட்டிக்கொள்ளுதலில் பிடிவாதம் உண்டு. செய்தித்தாளுக்குப் பின்னது பொருந்தியது. போராட்டம் ஓய்ந்தபின் பட் குழுவினர் நடத்திய மரநடவு முகாம்களே இக்கட்டுரைக்கு நெருக்கமானவை. ஊராரும் மாணவரும் கூடிச் சுவர் எழுப்பி, மரம் நட்டு, ஒன்றாகச் சமைத்துண்டு, இரவில் காடு பற்றிப் பேசினர். எந்த மரத்தை நடுவது என்பதில் ஆண்கள் விலைபோகும் மரத்தையும் பெண்கள் தழைக்கும் விறகுக்கும் உதவும் மரத்தையும் விரும்பினர். எந்தப் பாடநூலும் அளிக்க இயலாத பாடம் அவ்விவாதத்தில் இருந்தது.

1980களின் பிற்பகுதியில் ஹேன்வல் பள்ளத்தாக்கில் விஜய் ஜர்தாரி, தூம்சிங் நேகி முதலிய சிப்கோ ஊழியர் 'பீஜ் பசாவோ ஆந்தோலன்' என்னும் விதை காக்கும் இயக்கத்தைத் தொடங்கினர். வேளாண் துறை மலைவயல்களில் சோயா மொச்சையைத் தனிப்பயிராகப் பரப்ப முற்பட்டபோது, அதனால் 'பாரஹ்நாஜா' அழியும் என்று அவர்கள் எதிர்த்தனர். மகன்வாடியில் ஏழையின் புரதமாகச் சோதிக்கப்பட்ட பயிர், இங்கு ஆலைக்குச் செல்லும் எண்ணெய்வித்தாக வந்தது. மலையில் 'பட்' என்னும் கருஞ்சோயா காலங்காலமாக உணவாகவே விளைந்து வந்தது என்பதும் கருதத்தக்கது. பயிர் ஒன்றே, அதைச் சூழ்ந்த பொருளாதாரம் வேறு.

'பாரஹ்' பன்னிரண்டு, 'அனாஜ்' தானியம். மழைக்காலத்தில் ஒரே வயலில் கேழ்வரகு, விதைக்கீரை, கொள்ளு, உளுந்து, தட்டைப்பயறு, ராஜ்மா முதலியவற்றைக் கலந்து விதைப்பது இம்முறை. கொடிப்பயறுகள் கீரைத் தண்டைப் பற்றி ஏறும்; பயறுகளின் வேர் மண்ணுக்குத் தழைச்சத்து தரும்; ஒன்று பொய்த்தால் மற்றொன்று காக்கும். பன்னிரண்டு என்பது கணக்கன்று, பன்மையின் குறி. இப்பயிர்ப்பெயர்கள் மொழிபெயர்ப்பாளரை ஏமாற்ற வல்லவை. கட்வாலியில் 'கோதா' என்பது கேழ்வரகு. சமவெளி இந்தியில் 'கோதோ' என்பது வரகு. அகராதியை மட்டும் நம்பிப் பெயர்ப்பவர் மலைநாட்டான் உண்ணாத வரகை அவன் தட்டில் வைத்துவிடுவார். தனி மாநிலப் போராட்டத்தில், கோதாவும் ஜங்கோராவும் உண்டேனும் உத்தராகண்டத்தை அமைப்போம் என்னும் பொருள்பட முழங்கினர். அங்கு உண்ணப்பட்டவை கேழ்வரகும் குதிரைவாலியுமே. 'ஜக்கியா' மற்றோர் எடுத்துக்காட்டு. கட்வாலில் தாளிப்பிற்கு உயிரான அவ்விதை, தமிழகத்தில் சாலையோரம் முளைத்துக் களையெனப் பிடுங்கப்படும் நாய்க்கடுகு.

அல்மோராவின் உத்தராகண்ட சேவா நிதி இதே காலத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்க்கு, தம் நிலமும் தம் வாழ்வும் பற்றிய பயிற்சி நூல்களை இந்தியில் உருவாக்கியது. ஊரின் தீவனத் தேவை, விறகுத் தேவை, எரு, விளைச்சல் ஆகியவற்றைக் குழந்தைகள் தாமே அளந்து, ஊரின் காடும் புல்வெளியும் அதற்குப் போதுமா என்று கணக்கிடுவது அதன் அமைப்பு. 1937இன் சமவாயம் வேறு பெயரில் மீண்டு வந்ததாகவே இதனைக் கொள்ளலாம். அரசுப் பள்ளிகளில் தனிப்பாடமாக இடம்பெற்ற அரிய முயற்சி இது. இங்குச் சூழல் தேர்வுத்தாளாகவும் இருந்தது. ஊரை அளக்கும் கோலாகவும் இருந்தது.

தானியமும் குப்பையும்

கேழ்வரகு, தினை, சாமை ஆகியவற்றுக்கு அரசு ஏடுகளில் நெடுங்காலம் 'பருமனான தானியம்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரும், அதன் நிழலாகிய 'மோட்டா அனாஜ்' என்னும் இந்திப் பெயரும் வழங்கின. உண்மையில் இவை அளவில் நெல்லினும் கோதுமையினும் சிறியவை. 'பருமன்' என்பது பண்பற்ற உணவு என்னும் மதிப்பீடே. 2018இல் மைய அரசு இவற்றை ஊட்டத் தானியங்கள் என்று அறிவித்தது. சிறுதானிய ஆண்டாகிய 2023இல் 'ஸ்ரீ அன்ன' என்றது. தமிழின் 'சிறுதானியம்' உருவத்தை மட்டும் சொல்லி மதிப்பைச் சொல்லாது நின்றமையால் அதனை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இதற்கு மாறாகத் தமிழில் கெட்டுப்போன சொல் ஒன்றுண்டு. சங்க நூல்களில் 'குப்பை' குவியலைக் குறிக்கும். நெல்லும் உப்பும் குப்பையாகக் கிடந்தன. உழவர் வழக்கில் தொழுவத்தின் சாணமும் தழையும் சேர்ந்த குவியல் குப்பை. கோடையில் வண்டியிலேற்றி வயலுக்குக் குப்பை அடிப்பது இன்றும் பல மாவட்டங்களில் கேட்கும் தொடர். பாடநூலிலோ குப்பை அகற்றப்பட வேண்டிய கழிவு. அது மட்கும் குப்பை, மட்காத குப்பை என இரு நிறத் தொட்டிகளில் பிரிக்கப்படுகிறது. எருவைக் குறிக்கத் 'தொழு உரம்', 'கம்போஸ்ட் உரம்', 'மண்புழு உரம்' என வேறு பெயர்கள் வேறோர் இயலில் வருகின்றன. நகரக் குழந்தைக்கு இப்பிரிவினை இயல்பாகலாம். அப்பன் வயலுக்குக் குப்பை அடித்ததைப் பார்த்துவிட்டு வகுப்பிற்கு வரும் குழந்தை, குப்பையின் பயன் யாது என்னும் வினாவிற்கு விடைத்தாளில் எதை எழுதும், எழுதியது திருத்துபவரால் ஏற்கப்படுமா என்பது தமிழ்ச் சூழலியல் பாடநூல்களின் கலைச்சொற் பட்டியலை உருவாக்குவோர் முன் இன்னும் உள்ள வினா.